மேலே தொங்கும் கமா

ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் கையில் லீவ் லெட்டரோடு வகுப்பு வாசலில் நின்றேன். லீவ் லெட்டர் எழுதுவது எங்கள் வீட்டில் ஒரு பெரிய காரியமே இல்லை. அண்ணன் எழுதியதைப் பார்த்து அக்கா எழுதினாள். அக்கா எழுதியதைப் பார்த்து நான் எழுதினேன். காய்ச்சல் என்று தொடங்கி, "கிராண்ட் மீ டூ டேஸ் லீவ்" என்று முடியும்.

ஆங்கில ஆசிரியர் வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். 'டேஸ்' என்ற சொல்லின் தலைக்கு மேலே சின்னதாக ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

"இங்கே இருக்க வேண்டியது எங்கடா போச்சு?"

நான் விழித்தேன். முதல் பெஞ்சில் இருந்தவன், "மேலே ஒரு கமா போடுடா" என்று கிசுகிசுத்தான். போட்டேன். அவசரத்தில் எஸ் எழுத்துக்கு முன்னால் போட்டுவிட்டேன். ஆசிரியர் சிரித்துவிட்டார்.

"அப்போ ஒரு நாள்தான் காய்ச்சலா? இன்னொரு நாள் எங்கே போனே?"

ஒரு புள்ளி அளவு மை. அது ஓர் எழுத்து தள்ளி விழுந்ததில் என் காய்ச்சல் பாதியாகிவிட்டது! குழந்தைகளே, அந்த மேலே தொங்கும் கமாவின் பெயர் அபாஸ்ட்ரபி. அது எங்கிருந்து வந்தது, நாளையும் வாரத்தையும் கண்டால் ஏன் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று இந்த மாதம் பார்க்கப் போகிறோம். 'இது இலக்கணப் பாடமாச்சே, அறிவியல் பக்கத்தில் இதற்கு என்ன வேலை?' என்று கேட்காதீர்கள். மொழியை ஆராய்வதும் ஓர் அறிவியல்தான். சோதனை, தடயம், தவறான ஊகம், அதை உடைக்கும் சான்று எல்லாம் இதிலும் உண்டு.

முதலில் ஒரு சோதனை

மூன்று துண்டுச் சீட்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் 'டே' என்று எழுதத் தெரியும் அல்லவா? முதல் சீட்டில் அதனோடு எஸ் சேர்த்து, குறி எதுவும் இல்லாமல் எழுதுங்கள்: டேஸ். இரண்டாவதில் எஸ்ஸுக்கு முன்னால் குறி: டே’ஸ். மூன்றாவதில் எஸ்ஸுக்குப் பின்னால் குறி: டேஸ்’.

இப்போது உங்கள் நண்பரைக் கண்ணை மூடச் சொல்லி, சீட்டுகளைக் கலைத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். எது எந்தச் சீட்டு என்று அவர் சொல்ல வேண்டும்.

சொல்லவே முடியாது. நீங்கள் எவ்வளவு அழுத்திப் படித்தாலும் மூன்றும் ஒரே ஒலிதான். இலண்டனில் பிறந்து வளர்ந்தவர் படித்தாலும் அப்படித்தான். 'நாட்கள்', 'ஒரு நாளின்', 'பல நாட்களின்' என்ற மூன்று வேறு பொருள்கள் ஆங்கிலத்தில் ஒரே ஒலிக்குள் ஒளிந்திருக்கின்றன. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'நாளின்' என்பதும் 'நாட்களின்' என்பதும் காதுக்கே வேறு வேறாகக் கேட்கும்.

ஆகவே அபாஸ்ட்ரபி என்பது காதுக்குக் கேட்காத குறி. கண்ணுக்கு மட்டுமே அது பேசும். அதனால்தான் அதைத் தவறாகப் போடுவது இவ்வளவு எளிதாக இருக்கிறது. பேசும்போது யாரும் நம்மைத் திருத்துவதில்லை, திருத்தவும் முடியாது. எழுதும்போதுதான் அகப்பட்டுக்கொள்கிறோம்.

விரலால் மூடிப் பாருங்கள்

சரி, எங்கே போடுவது? ஒரு சின்ன வித்தை சொல்கிறேன். குறியையும் அதற்கு வலப்பக்கம் இருப்பதையும் விரலால் மூடுங்கள். இடப்பக்கம் மிச்சம் இருப்பது எதுவோ, அதுதான் உரிமைக்காரர்.

டே’ஸ் என்பதில் குறியையும் எஸ்ஸையும் மூடினால் 'டே' மிஞ்சும். ஒரே ஒரு நாள். 'ஒன் டே’ஸ் லீவ்' என்றால் ஒரு நாள் விடுப்பு. டேஸ்’ என்பதில் குறியை மூடினால் 'டேஸ்' மிஞ்சும். பல நாட்கள். 'டூ டேஸ்’ லீவ்' என்றால் இரண்டு நாள் விடுப்பு. 'எ வீக்’ஸ் ஹாலிடே' ஒரு வார விடுமுறை. 'டூ வீக்ஸ்’ ஹாலிடே' இரண்டு வார விடுமுறை. 'ஃபைவ் மினிட்ஸ்’ வாக்' ஐந்து நிமிட நடை. 'டுடே’ஸ் நியூஸ்' இன்றைய செய்தி. 'எஸ்டர்டே’ஸ் பேப்பர்' நேற்றைய பேப்பர்.

நமக்கு இது குழப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் 'ஒரு நாள் விடுப்பு', 'இரண்டு நாள் விடுப்பு' என்கிறோம். எண் முன்னால் நின்றுவிட்டால் 'கள்' கூட வேண்டியதில்லை. 'இரண்டு மாதச் சம்பளம்' என்று சொல்லும்போது உருபும் தெரிவதில்லை. வேற்றுமைத் தொகை என்று படித்திருப்பீர்களே, அதுதான். ஆனாலும் உற்றுப் பாருங்கள்: 'மாதம்' என்பதன் 'ம்' போய், அந்த இடத்தில் ஒரு 'ச்' வந்து நிற்கிறது. இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டன என்பதற்கு அந்த ஒற்று ஒரு தடயம்.

விரல் வித்தையை இப்போது உங்களுக்குப் பிடித்த நாட்களில் போட்டுப் பாருங்கள். நவம்பர் 14, நேருவின் பிறந்த நாள், 'சில்ரன்’ஸ் டே'. இங்கே எஸ்ஸுக்கு முன்னால்தான் குறி. மூடிப் பாருங்கள்: 'சில்ரன்' மிஞ்சும். அது ஏற்கெனவே பன்மை. குழந்தைகள் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். எஸ்ஸுக்குப் பின்னால் குறியைப் போட்டால் 'சில்ரன்ஸ்' என்று மிஞ்சும். அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை. செப்டம்பர் 5, டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். 'டீச்சர்ஸ்’ டே' என்று எஸ்ஸுக்குப் பின்னால் குறி. ஆசிரியர்கள் அனைவருக்கும் உரிய நாள்.

'மதர்’ஸ் டே' மட்டும் வேறு மாதிரி. அதில் ஒரே ஓர் அம்மாதான் இருக்கிறார்! அமெரிக்காவில் அந்த நாளைத் தொடங்கிவைத்தவர் ஆனா ஜார்விஸ் என்ற பெண்மணி. குறி எஸ்ஸுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் தம் அம்மாவை நினைக்கும் நாள் அது, உலகத்து அம்மாக்களை எல்லாம் மொத்தமாகக் கும்பிடும் நாள் அல்ல என்பது அவர் எண்ணம். 1914-இல் அதிபர் உட்ரோ வில்சன் அந்த நாளை அறிவித்தபோது அது ஒருமையாகவே நின்றது.

காணாமல் போன எழுத்து

குறி எங்கே நிற்கும் என்று தெரிந்துவிட்டது. ஏன் நிற்கிறது?

அபாஸ்ட்ரபி என்பது கிரேக்கச் சொல். 'விலகித் திரும்புவது' என்று பொருள். ஒரு சொல்லின் கடைசி உயிரெழுத்து அடுத்த சொல்லின் உயிரெழுத்தைக் கண்டதும் விலகிப் போய்விட்டால், 'இங்கே ஒருவர் இருந்தார், போய்விட்டார்' என்று காட்டக் கிரேக்கர்கள் இட்ட குறி இது.

இது நமக்குப் புதிதா என்ன? 'காசு' என்பதோடு 'இல்லை' சேர்ந்தால் 'காசில்லை'. 'காசு'வின் கடைசி உகரம் எங்கே? உயிர் வந்தால் குற்றியலுகரம் தன் இடத்தைக் காலி செய்துவிடும் என்று நன்னூலில் விதியே இருக்கிறது. நம் எழுத்தில் 'ச்' மேல் 'இ' ஏறிச் 'சி' ஆகிவிடுவதால் ஓட்டை தெரிவதில்லை, குறியும் தேவைப்படவில்லை. கிரேக்க எழுத்தில் உயிரும் மெய்யும் தனித்தனியாக நிற்கும். அங்கே ஓட்டை தெரியும். ஆகவே குறி வேண்டியிருந்தது.

பாரிஸ் நகர அச்சாளர் ஜோஃப்ருவா டோரி, 1529-இல் வெளியிட்ட தம் நூலில், பிரெஞ்சு மொழியை அச்சிடவும் இந்தக் குறி வேண்டும் என்று எழுதினார். பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, அதே நூற்றாண்டில் ஆங்கில அச்சாளர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது டே’ஸ் என்பதற்கு வருவோம். அதில் எந்த எழுத்து காணாமல் போனது?

இதற்கு ஆயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டும். அக்கால ஆங்கிலத்தில் 'டே' என்ற சொல்லின் பாட்டனாரை ஏறக்குறைய 'டேய்' என்று ஒலித்தார்கள். சிரிக்காதீர்கள், உண்மைதான்! 'நாளின்' என்று சொல்ல வேண்டுமானால் 'டேயெஸ்' என்பார்கள். 'எஸ்' என்ற அந்த ஒலியில் ஈ, எஸ் என்று இரண்டு எழுத்துகள் உண்டு. அதுதான் அன்றைய ஆறாம் வேற்றுமை உருபு. நாளாக ஆக, அந்த ஈ எழுத்தின் ஒலி தேய்ந்து மறைந்தது. அது இருந்த நாற்காலியில் அபாஸ்ட்ரபி வந்து உட்கார்ந்தது.

அந்த உருபுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 'டேயெஸ்' என்றால் 'நாளின்' என்பதோடு 'பகலில்' என்றும் பொருள். 'நைட்' என்ற சொல்லின் பாட்டிக்கு முறைப்படி அந்த வால் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அது பெண்பாற் சொல். ஆனாலும் பகலோடு சேர்த்து 'பகலில், இரவில்' என்று ஜோடியாகவே சொல்லிச் சொல்லி, பகலைப் பார்த்து இரவும் ஒரு வாலை ஒட்டிக்கொண்டது. நண்பனைப் பார்த்து நாமும் அதே மாதிரிப் பை வாங்குவதில்லையா, அப்படி!

அந்த வால் இன்னும் சில சொற்களில் புதைபடிவமாக, அதாவது ஃபாசிலாகக் கிடக்கிறது. 'ஒருமுறை' என்பதற்கு 'ஒன்ஸ்' என்கிறோமே, அதன் கடைசி ஒலி அதுதான்: 'ஒன்றின்' என்பதிலிருந்து வந்தது. 'இப்போதெல்லாம்' என்பதற்கு 'நவடேஸ்' என்கிறோமே, அதன் கடைசி எஸ்ஸும் அதே வால்தான். டைனோசர் போய்விட்டது, எலும்பு மட்டும் பாறையில் இருக்கிறது.

தப்பான ஊகம் ஒன்று

இந்த வரலாறு மறந்துபோன காலத்தில் சிலர் வேறொரு விளக்கம் சொன்னார்கள். 'கிங்’ஸ் புக்' என்பது 'கிங் ஹிஸ் புக்', அதாவது 'அரசன், அவனுடைய புத்தகம்' என்பதன் சுருக்கம் என்றார்கள். காணாமல் போனது 'ஹி' என்ற ஒலி என்று நினைத்தார்கள். அப்படியே நீட்டி எழுதியவர்களும் உண்டு.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஊகம் சரியா என்று எப்படிப் பார்ப்பது? அது பொருந்தாத இடம் ஒன்றைத் தேட வேண்டும். 1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதைத்தான் செய்தார். பெண்ணைக் குறிக்கும் சொல்லோடும் இதே எஸ் வருகிறதே, அங்கே 'அவனுடைய' என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். பழைய உருபுதான் இது என்று காட்டினார். நாமும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளலாம்: 'ஒரு நாளின் வேலை' என்பதில் நாள் என்ன ஆணா, 'அவனுடைய' என்று சொல்ல?

ஒரே ஒரு எதிர்ச்சான்று போதும், ஊகம் உடைந்துவிடும். ஆய்வகத்திலும் இதுதான் முறை.

நான்கு எழுத்தைத் தாங்கும் குறி

மணி என்ன என்று கேட்டால் 'ஃபைவ் ஓ’க்ளாக்' என்கிறோம். இந்த ஓவன்னாவுக்குப் பக்கத்தில் தொங்கும் குறி ஓர் எழுத்தை அல்ல, நான்கு எழுத்துகளை விழுங்கியிருக்கிறது. முழு வடிவம் 'ஆஃப் த க்ளாக்': கடிகாரத்தின் ஐந்து.

கடிகாரத்தின் ஐந்து என்று ஏன் சொல்ல வேண்டும்? வேறு ஐந்து இருந்ததா? இருந்தது! முன்பு ஐரோப்பாவில் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மணி என்றார்கள். இலண்டனில் கோடையின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 16 மணி 38 நிமிடம். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு 'மணி'க்குச் சுமார் 83 நிமிடம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் 7 மணி 50 நிமிடம்தான். அப்போது ஒரு 'மணி'க்குச் சுமார் 39 நிமிடம். கோடையில் பள்ளிக்கூடம் இருந்தால் ஒரு பீரியட் எவ்வளவு நீளும், நினைத்துப் பாருங்கள்!

பிறகு பல்சக்கரம் வைத்த கடிகாரங்கள் வந்தன. இங்கிலாந்தின் சால்ஸ்பரி தேவாலயத்தில் 1386-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் கடிகாரம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதற்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. மணி அடிப்பது மட்டுமே வேலை. 'க்ளாக்' என்ற சொல்லே மணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். சக்கரத்துக்குக் கோடை, குளிர் தெரியாது. அதன் ஒவ்வொரு மணியும் ஒரே அளவு. ஆகவே 'சூரியக் கணக்கு அல்ல, கடிகாரக் கணக்கு' என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்று உலகம் முழுக்கக் கடிகாரக் கணக்குத்தான். அதனால் அந்தச் சொற்கள் தேய்ந்தன. குறி மட்டும் மிஞ்சியது.

குறி இல்லாததால் வந்த வினை

ஆண்டைச் சுருக்கி எழுதவும் இந்தக் குறி உதவும். 1999 என்பதை ’99 என்று எழுதுவார்கள். 'முன்னால் இரண்டு இலக்கம் இருந்தது, உனக்கே தெரியும்' என்று அந்தக் குறி வாசிப்பவரிடம் சொல்கிறது.

கணினியிடம் அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. அந்தக் காலக் கணினிகளில் நினைவக இடத்துக்குப் பெரும் விலை. தகவலைத் துளை அட்டைகளில் பதிவார்கள். ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்குத்தான் இடம். எனவே ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களை வெட்டிவிட்டு 99 என்று மட்டும் பதிந்தார்கள். 1960-இல் பிறந்தவருக்கு 1999-இல் என்ன வயது? 99-இலிருந்து 60 போனால் 39. சரி. அடுத்த ஆண்டு? 00-இலிருந்து 60 போனால்? கழித்துப் பாருங்கள். கணினிக் கணக்கில் அவர் இன்னும் பிறக்கவே இல்லை!

ஆஸ்கி என்ற கணினி எழுத்துக் குறியீட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் பாப் பீமர். அந்தக் குறியீட்டில் அபாஸ்ட்ரபியின் எண் 39. அதே பீமர்தான், இரண்டு இலக்க ஆண்டு பின்னால் காலை வாரும் என்று 1971-லேயே எழுதி எச்சரித்தவர். அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை. 1990-களின் கடைசியில் உலகமே விழித்துக்கொண்டு நிரல்களைத் திருத்தியது. இந்தியப் பொறியாளர்களும் அந்த வேலையில் ஆயிரக்கணக்கில் ஈடுபட்டார்கள். அதனால் 2000 ஜனவரி 1 பெரிய சேதமின்றி விடிந்தது.

இன்றைய கணினியும் இந்தக் குறியில் சறுக்குவது உண்டு. உங்கள் வீட்டுக் கணினியில் ’99 என்று தட்டிப் பாருங்கள். குறி 9 போல வளைந்திருக்க வேண்டும். பல நேரம் 6 போல வளைந்த குறி வந்து விழும். சொல்லின் தொடக்கத்தில் வருவதால், அதை மேற்கோளின் தொடக்கம் என்று மென்பொருள் நினைத்துக்கொள்கிறது. கணினி செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

எங்கே போடக் கூடாது?

குறியைக் கற்றுக்கொண்ட புதிதில், எஸ் கண்ட இடமெல்லாம் தூவத் தோன்றும். வேண்டாம். '1990ஸ்' என்றால் 1990-கள். வெறும் பன்மைதான், குறி தேவையில்லை. 'டென் இயர்ஸ் ஓல்ட்' என்பதிலும் குறி இல்லை.

சந்தேகம் வந்தால் 'ஆஃப்' போட்டுத் திருப்பிப் பாருங்கள். 'டூ டேஸ்’ லீவ்' என்பதை 'லீவ் ஆஃப் டூ டேஸ்' என்று திருப்பலாம். பொருள் வருகிறது, ஆகவே குறி உண்டு. 'ஓல்ட் ஆஃப் டென் இயர்ஸ்' என்று திருப்பினால் உளறலாக இருக்கிறது. ஆகவே குறி இல்லை.

இந்தக் குறியால் பெரியவர்களுக்குள்ளும் சண்டை உண்டு. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவுக்கு இது கிருமி போலத் தோன்றியது. 'டோன்ட்', 'கான்ட்' போன்ற சொற்களைக் குறி இல்லாமலே அச்சிட வைத்தார். ஆனால் 'ஹீ’ல்' போன்ற சொற்களில் கை வைக்கவில்லை. குறியை எடுத்தால் 'ஹீ’ல்' என்பது 'ஹெல்', நரகம் ஆகிவிடுமே! 2002-இல் 'டூ வீக்ஸ் நோட்டீஸ்' என்று ஓர் ஆங்கிலப் படம் குறி இல்லாமல் வெளிவந்தது. லின் டிரஸ் என்ற எழுத்தாளர் அடுத்த ஆண்டு வெளியிட்ட நிறுத்தக்குறிகள் பற்றிய நூலில் அதைக் கேலி செய்தார். இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001-இல் அபாஸ்ட்ரபி பாதுகாப்புச் சங்கமே தொடங்கினார். அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று மனம் நொந்து, 2019-இல், தம் 96-ஆம் வயதில் அதை மூடினார்.

குறி போடாவிட்டால் வானம் இடிந்து விழாது. என் ஆசிரியரும் கடைசியில் லீவ் கொடுத்துவிட்டார். 'லீவ் ஃபார் டூ டேஸ்' என்று எழுதிக் குறியிடமிருந்து தப்பித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. நிறையப் பேர் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். ஆனால் தேய்ந்துபோன ஓர் எழுத்தின் நாற்காலி அது என்று தெரிந்த பிறகு, அதைக் காலியாக விட உங்களுக்கு மனம் வராது.

காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு தாளில் மூன்று நாள் விடுப்பு கேட்டு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள். குறியையும் அதன் வலப்பக்கத்தையும் விரலால் மூடுங்கள். இடப்பக்கம் மூன்று நாட்களும் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.